எட்டு டேங்க்

அந்த அறிக்கையில் 'டேங்க்' என்ற ஆங்கிலச் சொல் எட்டு இடங்களில் வந்தது. எட்டையும் ஒரே சொல்லால் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தேன்.

2011 ஜனவரி மாதக் கடைசி. அம்பாறையும் மட்டக்களப்பும் வெள்ளத்துக்குள் கிடந்த நாட்கள். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்கு வரும் கிட்டங்கித் தாம்போதி மூழ்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித்தான் ஆட்கள் அக்கரை போய் வந்தார்கள். சாளம்பைக்கேணியில் எங்கள் வீட்டு விறாந்தையில் லாம்பு வெளிச்சத்தில் இருந்து, ஒன்பது பக்க அறிக்கையை இரண்டு இரவில் முடித்தேன். ஜப்பானிலிருந்து வந்த ஓர் உதவிக் குழுவுக்கான வேலை அது. எங்கள் சனங்கள் தமிழில் சொன்னதை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஆங்கிலத்தை ஜப்பானியமாக்குவது என் பங்கு. தலைமையகத்தில் பணம் ஒதுக்குகிறவர்கள் வாசிக்கப்போவது என் எழுத்தை மட்டும்தான்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் லொறி வந்தது. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தாங்கிகள். அவற்றில் மூன்றைக் கொண்டுபோய் இறக்கிய இடம், கட்டு உடைந்து வெறுமையாய்க் கிடந்த ஒரு சின்னக் குளத்தின் ஓரம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அங்கே நின்றார், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் தாங்கியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மகன், இதுல எத்தின ஏக்கருக்குப் பாயும்?"

அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர் அனுப்பிய சாமான், நாம் அறியாத விதமாய் வேலை செய்யுமோ என்று நம்பிக் கேட்டார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. கட்டைத் திருத்த வேண்டிய பணம் தாங்கிகளாகி வந்து நின்றது. மாரித் தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டதால் அந்த வயல் கண்டத்துக்கு அந்த வருடச் சிறுபோகம் இல்லை. கட்டைப் பிறகு வேறொரு நிதியில் திருத்தினார்கள். போன போகம் போனதுதான்.

அறிக்கையைத் திரும்ப எடுத்து எட்டு டேங்கையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். மூன்று, வெள்ளத்தில் உடைந்த சிறிய பாசனக் குளங்கள். இரண்டு, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கட்டடங்களில் வைத்த பிளாஸ்டிக் நீர்த்தாங்கிகள். ஒன்று, பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தொட்டி. ஒன்று, நிரம்பி வழிந்த மலசலகூடக் குழி. எட்டாவது ஒரு கோயில் கேணி. ஆங்கிலத்தில் எல்லாம் டேங்க். நம் சனங்கள் வாய்திறந்து சொன்னபோது குளம், தாங்கி, தொட்டி, குழி, கேணி என்று ஐந்து சொல்லாக இருந்தவை. ஜப்பானிய மொழியிலும் ஐந்து சொல் ஆயத்தமாக இருக்கிறது. மண்கட்டு கட்டி மழைநீரைத் தேக்கும் பாசனக் குளம் 'தாமெ-இகே'. கோயில் கேணி வெறும் 'இகே'. தொட்டி 'சுய்ஸோ'. மலக்குழிக்குத் தனிச்சொல் 'ஜோகஸோ'. பிளாஸ்டிக்கிலும் இரும்பிலும் செய்து நிறுத்துவது மட்டுமே 'தன்க்கு'. அது ஆங்கிலச் சொல்லையே ஜப்பானிய வாய்க்கு வளைத்துக்கொண்ட இரவல். நான் எட்டு இடத்திலும் எழுதியது அந்தத் தன்க்குவை.

இதில் என்னை இன்றுவரை உறுத்துகிற விசயம் வேறு. தாமெ-இகே என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. மூன்று வருடம் அதன் கரையில்தான் வாழ்ந்தேன்.

2001இல் தொழில் பயிலுநராக நான் போய்ச் சேர்ந்த இடம் ஷிகோகு தீவிலுள்ள ககாவா மாகாணம். மரக்கறித் தோட்டத்தில் வேலை. ஜப்பானில் பரப்பளவில் ஆகச் சிறிய மாகாணம் அது. மழை குறைவு. ஆறுகள் குட்டையானவை, பெய்தது நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும். அதனால் அந்தச் சனங்கள் ஆயிரத்து முந்நூறு வருடமாகக் குளம் கட்டியிருக்கிறார்கள். சனூகி சமவெளியில் மேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கான குளங்கள் கண்ணாடித் துண்டு சிதறியதுபோல் மின்னும். ஆகப் பெரியது மன்னோ-இகே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வெள்ளத்தில் உடைந்தபோது 821இல் கூகாய் என்ற பௌத்த துறவி வந்து நின்று திருத்திக் கொடுத்தாராம். இன்றைக்கும் ஜூன் நடுவில் அதன் மடையைத் திறக்கும் நாள் ஊருக்கு ஒரு விழா. அதைப் பார்க்கப் போன அன்று, துருசு திறக்கும் நாளில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் நின்ற சின்ன வயது எனக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து முதலாளியின் தகப்பனார் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் பற்றிக் கதைக்கக் கதைக்க, எங்கள் வட்டவிதானை கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். பக்கத்து மாகாணத்து ஆற்றுநீரை மலையைக் குடைந்து 1970களில் கொண்டுவந்த பிறகும், அந்த மனிதர் தன் குளத்துத் தண்ணீரைத்தான் தண்ணீர் என்பார்.

அப்படியானால் ஏன் பிழை விட்டேன்? குளம் என்று என் காதில் விழுந்திருந்தால் தாமெ-இகே என்று கை எழுதியிருக்கும். என் முன்னால் இருந்த தாளில் குளம் இல்லை. டேங்க் இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததும் அதே ஒலியுள்ள ஜப்பானியச் சொல் கையில் வந்து விழுந்தது. குளத்துக்கும் இகேக்கும் நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. நான் இரண்டு கரையையும் மறந்து நடுவிலிருந்ததை மொழிபெயர்த்தேன்.

இது எனக்குத் துலங்கியது லொறி வந்து சில நாட்களில். மார்ச் 11ஆம் திகதி ஜப்பானில் பூமி அதிர்ந்தது. கடல் செய்ததை உலகமே பார்த்தது. ஃபுகுஷிமா மாகாணத்தில் கடலுக்குத் தொலைவில், சுககாவா என்ற ஊரின் மேட்டில், ஃபுஜினூமா என்ற பாசன நீர்த்தேக்கத்தின் மண்கட்டும் அன்று உடைந்தது. எட்டு உயிர்கள் போயின. கடலின் சேதத்துக்குள் அந்தச் செய்தி அமுங்கிப் போனது. ஜப்பானியச் செய்தித் தளமொன்றில் அதைத் தேடி வாசித்தேன். படத்தில் மண்கட்டு வாய் பிளந்து கிடந்தது, அடிமண் தெரிந்தது. எங்கள் குளத்தைப் படம் பிடித்ததுபோல் இருந்தது. செய்தியில் எழுதியிருந்த சொல் தாமெ-இகே. 'மூன்று தாமெ-இகே உடைந்தன' என்று நான் ஜனவரியில் எழுதியிருந்தால், வாசித்த எந்த ஜப்பானியருக்கும் கட்டும் மடையும் வயலும் கண்ணில் வந்திருக்கும். 'மூன்று தன்க்கு உடைந்தன' என்று எழுதினேன். பிளாஸ்டிக் வெடித்தது என்று நினைத்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

டேங்க் என்ற சொல்லின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். அது ஆங்கிலேயர் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லாகத் தெரியவில்லை. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்துக்கு வழங்கிய சொல்லிலிருந்து போனது என்பர் சிலர். போர்த்துக்கேயரின் 'தன்க்கே'யிலிருந்து என்பர் சிலர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பது பலரின் முடிவு. எப்படியானாலும் ஆங்கிலேயர் அதைக் கற்றது நம் பக்கத்துத் தண்ணீர்க் கரையில். இலங்கையின் நீர்ப்பாசனச் சட்டங்கள் இன்றுவரை குளத்துக்கு அந்தச் சொல்லையே வைத்திருக்கின்றன. 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் குளம் சிறு குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் மாகாண சபைக்கும். இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய கடல் போன்ற தேக்கத்தைச் சேனநாயக்க சமுத்திரம் என்கிறோம். ஆங்கில வரைபடத்தில் அதையும், சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் சுற்றிவரக்கூடிய எங்கள் ஊர்க் குளத்தையும் ஒரே சொல்லால் குறித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு இரும்பு உடல் வந்தது முதலாம் உலகப் போரில். பிரித்தானியர் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு புதிய போர் வாகனத்தை இரகசியமாகச் செய்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்க் என்று சொல்லவைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சில் அது முதன்முதலாகப் போர்க்களத்துக்குள் இறங்கியபோது மறைப்புக்கு வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஜப்பானியர் அதை இரவல் வாங்கவில்லை. போர் வண்டி என்று பொருள்பட 'சென்ஷா' என்றார்கள். நாம் டாங்கி என்று எழுதி, தாங்கியோடு ஓர் எழுத்து வித்தியாசத்தில் நிறுத்தினோம். போர்க்காலத்தில் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓர் எழுத்து எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

இன்னொன்று குதம். திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் கொள்கலன்களை நம் பத்திரிகைகள் எண்ணெய்க் குதங்கள் என்று எழுதுகின்றன. இப்போது 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து திருகோணமலையில் குண்டு போட்டன. அந்த வரலாற்றை ஜப்பானிய வருகையாளர் ஒருவருக்குச் சொல்ல நேர்ந்தபோது 'தன்க்கு' என்ற சொல் அதன் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஆங்கிலம் ஒன்றாக ஒட்டவைத்துவிடும் சொற்கள் வேறும் உண்டு, டேங்க் அவற்றில் ஒன்று. எங்கள் வயல் வெளியில் நின்று பார்த்தால் அதைவிடப் பெரியது 'ரைஸ்'. ஆங்கிலத்துக்கு நிற்கும் பயிரும் ரைஸ், மூடையில் கிடப்பதும் ரைஸ், கோப்பையில் போட்டுச் சாப்பிடுவதும் ரைஸ். ஜப்பானியருக்கு வயலில் நிற்பது 'இனே'. அடித்தெடுத்த உமியோடு கூடிய மணி 'மொமி'. குற்றியது 'கொமே'. வெந்தது 'கோஹன்'. எங்கள் பக்கத்தில் வயலில் நிற்கும் பயிரை நெல் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அது வெள்ளாமை. "வெள்ளாமை வெட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வெள்ளாமை, நெல், அரிசி, சோறு. இனே, மொமி, கொமே, கோஹன். நாலுக்கு நாலு. ககாவாவில் இந்த நாலு சொல்லையும் எனக்குச் சொல்லித்தந்த அந்த முதியவர், நான் ஒரே நாளில் பிடித்துக்கொண்டதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அவரிடம் முன்பு வேலை செய்த வேறு நாட்டுப் பையன்களுக்கு மாதக்கணக்கில் குழம்பியதாம். எனக்கு அதில் கற்க ஒன்றுமே இருக்கவில்லை. உம்மா சொல்லித்தந்ததற்கு வேறு ஒலி. அவ்வளவுதான்.

ஆனால் அறிக்கையில் 'ரைஸ் விளைச்சல்' என்று வந்தால் அந்த நாலில் எது? இதிலே கணக்கே பிழைத்துவிடும். நம் கமக்காரர் ஏக்கருக்கு 80 புசல் என்றால் அது நெல். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோ, ஆகவே ஏக்கருக்கு 1,670 கிலோ சொச்சம். ஜப்பானியர் விளைச்சலைக் கணக்கிடுவது உமி நீக்கிய, தவிடு நீக்காத அரிசியில். அதுவும் 10 ஆருக்கு இவ்வளவு என்று. அவர்களின் பழைய அளவான ஒரு 'தன்' அதற்குச் சமம்; நம் ஏக்கரில் நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் 80 புசல் அவர்கள் கணக்கில் தன்னுக்கு ஏறத்தாழ 330 கிலோ ஆகும். அவர்களின் சராசரி 500 கிலோவுக்கு மேல். நெல்லை அரிசி என்று எழுதிவிட்டால் அந்த 330 ஒரே அடியில் 410ஐத் தாண்டிவிடும். உதவி தேவைப்படும் வயல், தேவைப்படாத வயலாகத் தெரியும். இந்த மாற்றத்தைச் செய்யும் ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு வரி எழுதுவேன்: எந்த நிலையிலுள்ள தானியம், எந்த அளவு, எதால் பெருக்கினேன் என்று. அந்த ஒரு வரிக்குக் கூலி கிடையாது. அது இல்லாமல் தாளைக் கையளிக்க மாட்டேன்.

'ஃபீல்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். வயலென்றால் 'த'. அதன் எழுத்து, ஒரு சதுரமும் அதன் நடுவே குறுக்கு நெடுக்காய் இரண்டு கோடும். வரம்பு கட்டிய வயலை மேலிருந்து பார்ப்பதேதான். மேட்டுப் பயிர் நிலமென்றால் 'ஹதகே'. அதன் எழுத்து சீனத்திலிருந்து வந்ததல்ல, ஜப்பானியரே உண்டாக்கியது: நெருப்புக் குறியையும் வயல் குறியையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்ட காலத்தின் ஞாபகம். அதைப் பார்த்தவுடன் எனக்குச் சேனை என்று விளங்கிவிட்டது. ஆங்கில அறிக்கை எழுதியவருக்கு வயலும் சேனையும் ஒரே ஃபீல்ட். அதிகாரி வந்து பார்ப்பதும் ஃபீல்ட். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் வெளிக்கும் இதே பாடுதான். நாவிதன்வெளி, குருமண்வெளி என்னும்போது அது வயல் பரந்த நிலம். வெளியே என்றாலும் வெளி, வானவெளி என்றாலும் வெளி. ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்கும் ஜப்பானியருக்கு 'ஹரா' என்பேன். அவர்களின் ஊர்ப் பெயரிலும் குடும்பப் பெயரிலும் முடிவில் வந்து நிற்கும் பரந்த வெளி அது. உடனே தலையாட்டுவார்கள்.

உறவுமுறைக்கு வருகிறேன். ஆங்கிலப் படிவத்தில் 'பிரதர்' என்று மட்டும் இருந்தால் அதை ஜப்பானியத்தில் எழுதவே முடியாது. மூத்தவர் 'அனி', இளையவர் 'ஒதோத்தோ'. நடுவில் ஒரு பொதுச்சொல்லைப் போட்டு ஒப்பேற்றலாம். வாசிப்பவருக்கு அது ஒட்டாது. நாமும் காக்கா என்கிறோம், தம்பி என்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒருவரைக் குறிக்க நம்மிடமும் வீட்டுச் சொல் இல்லை. குடியேற்றக் கிராமங்களில் காணி அனுமதிப்பத்திரம் அண்ணன் பெயரிலா தம்பி பெயரிலா என்பது ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினை. அதனால் அந்தச் சொல்லைக் கண்டால் பேனையை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்கே போய்க் கேட்பேன். ஒருமுறை மத்தியமுகாம் வரை சைக்கிளில் போய், ஒரே ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த வீட்டம்மா, "இதுக்காகவா வந்தயள்?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இரண்டு மொழியும் எங்கும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட வேண்டாம். மாமாவுக்கும் சாச்சாவுக்கும் ஜப்பானியத்தில் ஒரே சொல் 'ஒஜி'. எழுதும்போது தாய் தகப்பனுக்கு மூத்தவரா இளையவரா என்று எழுத்தை மாற்றுவார்களே தவிர, தாய் வழியா தகப்பன் வழியா என்று பார்ப்பதில்லை. மாமா என்பவர் யார், அவர் மகளுக்கும் எனக்கும் என்ன முறை என்பதையெல்லாம் விளக்க எனக்கு ஒரு பந்தியே தேவைப்பட்டது. தண்ணீர் விசயத்தில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு. குளிர்ந்தது 'மிஸு', சூடானது 'யு'. சுடுதண்ணி என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'சூடான மிஸு' என்றால் குழந்தை பேசுவதுபோல் இருக்கும்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு பரவசப்படுகிறவர்கள் உண்டு. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் 1980கள் தொட்டு அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பொங்கலையும் ஜனவரி நடுவில் வரும் ஜப்பானியப் பண்டிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. நான் மொழியியல் படித்தவனல்ல. வேலைக்காரனாக என் எண்ணத்தைச் சொல்கிறேன்: சோறு தின்பவர்களுக்கு நெல்லின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் தேவை. மழை பொய்க்கும் நிலத்தில் குளம் கட்டி வாழ்கிறவர்களுக்குக் குளத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயர் தேவை. இரத்த உறவு இல்லாவிட்டாலும் வயல் உறவு உண்டு. ஆனாலும் அந்த மூவரும் செய்த ஒரு காரியத்துக்கு நான் கடன்பட்டவன். ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழையும் ஜப்பானியத்தையும் நேரே எதிரெதிர் உட்காரவைத்தார்கள்.

எங்களுக்குள் இருக்கும் பல பொருள் தரும் சொற்களையும் மறைக்கக் கூடாது. கிழக்கில் 'பாதை' என்றால் தெருவும் பாதை, ஆற்றைக் கடக்க ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையும் பாதை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போவது என்றால் தண்ணீருக்கு மேலே போவது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, பாதை எப்படிக் கவிழும் என்று என்னிடம் கேட்டார். தமிழருக்கே இப்படியென்றால் ஜப்பானியருக்கு எப்படி இருக்கும்? மண்முனையில் ஜப்பானின் நன்கொடையில் பாலம் கட்டி 2014இல் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான். பாலத்துக்கு முந்திய காலத்தைப் பற்றிய ஒரு குறிப்பு ஆங்கிலத்தில் என்னிடம் வந்தது. மாணவர்கள் 'ரோட்டால்' பள்ளிக்கூடம் போனார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ரோடு இருந்திருந்தால் பாலம் எதற்கு? இந்தத் தடவை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. தமிழ் மூலத்தைக் கேட்டு வாங்கினேன். பாதை என்று இருந்தது. 'வதாஷி' என்று எழுதினேன். கரை கடத்தும் படகு.

தன்க்குவுக்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. ஆங்கில அறிக்கையோடு, சனம் சொன்ன தமிழையும் கேட்பேன். ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அந்த இடத்துக்குப் போவேன். போய்ப் பார்க்க வழியில்லாவிட்டால், எனக்கு எந்த அர்த்தம் என்று தெரியவில்லை என்பதை ஜப்பானியத்திலேயே எழுதி, சாத்தியமான இரண்டு மூன்று சொல்லையும் வைப்பேன். வெளிநாட்டுச் சொற்களை ஒலிப்படி எழுத ஜப்பானியரிடம் கதகானா என்று தனி எழுத்து இருக்கிறது. அது மொழிபெயர்ப்பாளனுக்குப் பெரிய சோதனை. தெரியாத எந்தச் சொல்லையும் அதில் எழுதித் தள்ளிவிடலாம், பக்கம் நிரம்பிவிடும், பார்க்க நவீனமாகவும் இருக்கும். வாசிப்பவரோ தான் அறிந்த ஒரு குறுகிய அர்த்தத்தை அதில் போட்டுக்கொள்வார். நாமும் அதைத்தான் செய்கிறோம், டேங்க் என்று தமிழில் எழுதிவிட்டு.

எங்கள் கரைக்கு ஜப்பானியச் சொல் ஒன்று, மொழிபெயர்ப்பாளன் இல்லாமலே வந்து சேர்ந்தது. 2004 ஓகஸ்ட்டில் நான் ஊர் திரும்பினேன். டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று வீட்டுக்கு வீடு மையித்து. அன்று மாலை வானொலியில் சுனாமி என்றபோது, எங்கள் வீட்டில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'த்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. ஆழ்கடலில் நின்ற மீனவருக்குத் தெரியாமல் போய், திரும்பி வந்து பார்க்கும்போது துறையை அழித்திருக்கும் அலை. உம்மா கேட்டார், சொன்னேன். "தொறைக்கி வந்த அலை" என்று அவர் தனக்குத் தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். அதற்குமேல் எந்த அகராதியும் அந்தச் சொல்லுக்கு எழுத முடியாது.

இப்போது ஊரிலிருந்து மறுபடி ஜப்பானுக்குப் போகிறார்கள். 2019இல் இரு நாடுகளும் திறன்சார் தொழிலாளர் பற்றி உடன்பட்ட பிறகு வழி அகன்றிருக்கிறது. விவசாயத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் ஆள் கேட்கிறார்கள். கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். ஜப்பானியச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் போட்டவை, இல்லையென்றால் சிங்களத்தில். 'கொமே'க்கு எதிரே ரைஸ். 'கோஹன்'னுக்கு எதிரே ரைஸ். 'அனி'க்கு எதிரே எல்டர் பிரதர் என்று இரண்டு சொல். காக்கா என்று ஒரே சொல்லில் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளை அதைச் சுற்றிவளைத்து மனப்பாடம் செய்கிறது.

எனக்கு வயதாகிறது. என்னிடம் மூன்று சீ.ஆர். கொப்பிகள் இருக்கின்றன. இடப்பக்கம் எங்கள் ஊர்ச் சொல், வலப்பக்கம் ஜப்பானியம், நடுவில் எதுவுமில்லை. துருசு, வான், கட்டு, வரம்பு, கண்டம், வட்டை என்று குளத்திலிருந்து வயல்வரைக்கும் முடித்திருக்கிறேன். வயோதிபரைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் பக்கத்தில் இருப்பது ஆகியவற்றுக்கான சொற்கள் என்னிடம் இல்லை. அந்த வேலையை நான் செய்ததில்லை. இன்று போகும் தங்கைமாரும் தம்பிமாரும் அதைச் செய்கிறீர்கள். போகும்போது ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் உம்மா, உங்கள் அம்மா சொல்லும் சொல்லை இடப்பக்கம் எழுதுங்கள். நீங்கள் பராமரிக்கும் பாட்டி அதை என்னவென்று சொல்கிறார் என்று கேட்டு வலப்பக்கம் எழுதுங்கள். லீவில் ஊருக்கு வரும்போது சாளம்பைக்கேணிக்குக் கொண்டு வாருங்கள். என் கொப்பிகளைத் தருகிறேன், சேர்த்து ஒன்றாக்குவோம்.